துவாய் உத்தியோகம்

எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் துவாய் பிடிப்பது. அதற்குப் பிறகு இருபத்தைந்து வருசம் கந்தோரில் கோப்புப் பிடித்துக் களைத்துப்போனேன். ஆனாலும் அந்த முதல் உத்தியோகத்தில் வந்த நடுக்கம் வேறெதிலும் வந்ததில்லை.

போன கிழமை, பழைய படப் பெயரொன்று நினைவுக்கு வர, அதில் சமையற்காரியாக வந்த நடிகையைக் கைத்தொலைபேசியில் தேடிப் பிடித்தேன். அமெரிக்காவில் கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்திருந்த காலத்தைச் சாட்டாக வைத்துக்கொண்டு, கொஞ்சம் இரத்தமும் நிறைய உடம்பும் காட்டி எடுத்த மலிவுப் படங்கள். அவற்றில் ஒன்பதில் நடித்திருக்கிறார். ஏற்ற வேடங்கள் வரிசையாக இருந்தன: சமையற்காரி, அடிமைப் பெண், சமையற்காரி, கிழ அடிமை, மறுபடியும் சமையற்காரி. ஒன்றுக்கும் பெயர் இல்லை. ஒரு மனுசி தொழில் செய்த காலம் முழுக்க ஒரே குசினியில் நின்றிருக்கிறார். வாசித்த எனக்கே கால் உளைந்தது.

அப்போது எனக்குப் பத்து வயது. கரவெட்டியில் வீடு. மாமா ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் நெல்லியடியிலிருந்து வீடியோ டெக்கும் தொலைக்காட்சிப் பெட்டியும் வாடகைக்கு எடுத்து வருவார். இரண்டு தமிழ்ப் படம். கூடவே, ஒருவரும் எடுக்காத ஆங்கிலப் படம் ஒன்று இனாம்.

"சரித்திரப் படம். பிள்ளையள் கட்டாயம் பாக்கவேணும்" என்பார் மாமா.

பத்தாவது நிமிடத்தில் சரித்திரம் சட்டையைக் கழற்றத் தொடங்கும். அதற்குத்தான் நான். பெட்டிக்குப் பக்கத்தில் முக்காலியில் ஏறி நிற்பேன். அம்மா செருமினால், குளித்துத் துடைக்கிற துவாயைத் திரைக்கு முன்னால் தொங்கவிட வேண்டும். மாமா "சரி" என்றால் தூக்க வேண்டும். காட்சி முடிந்துவிட்டதா என்று துவாய்க்குக் கீழே குனிந்து பார்க்கும் சிரமத்தை மாமாவே ஏற்றுக்கொண்டிருந்தார். சவுக்கடிக்குத் துவாய் கிடையாது. அடி விழுவதைப் பிள்ளைகள் பார்க்கலாம்.

வெங்காயத்தின் காய்ந்த தாளை வெட்டக் கூலிக்கு வரும் மனுசியும் எங்களோடு படம் பார்ப்பார். யன்னலுக்கு வெளியே, வெட்டுவதற்கிடையில் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தபடி. உள்ளே வருகிற வழக்கம் இல்லை. ஏனென்று நான் கேட்டதும் இல்லை.

முதல் ஞாயிறு, வெள்ளைத் துணியால் தலையைக் கட்டிய அந்தப் பருத்த சமையற்காரி அடிபட்டே செத்துப்போனார். அடுத்த ஞாயிறு வேறொரு படத்தில், கையில் தட்டத்தோடு சாவகாசமாக வந்து நின்றார். ஒருவரும் செருமவில்லை. நான்தான் அலறிக்கொண்டு துவாயைப் போட்டேன்.

"மாமா, செத்தவ வந்திட்டா!"

"விசரா, அவ நடிக்கிறவ. சம்பளத்துக்குச் சாகிறா. துவாயை எடு!"

வீடே சிரித்தது. யன்னல் மட்டும் சிரிக்கவில்லை.

"அப்ப அண்டைக்கு அவ சாகேல்லையோ, தம்பி?"

"இல்லை. நீ பயப்பிடாதை" என்றேன், வேர்த்து வழிந்துகொண்டு.

அந்த மனுசியின் முகத்தில் வந்த ஆறுதலைப் பார்க்க வேண்டும். யாரோ ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குத் திரும்பியது போல.

மூன்றாவது ஞாயிறு சமையற்காரி ஓடத் தொடங்கினார். ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு, சேற்றுக்குள்ளால், பின்னால் நாய்கள். யன்னலில் வெங்காயக் கத்தியின் சத்தம் நின்றுபோயிற்று. "ஓடணை, ஓடு" என்று வெளியே முணுமுணுப்பது எனக்குக் கேட்டது. பிடித்துவிட்டார்கள். மரத்தில் கட்டினார்கள். முதலாவது சவுக்கடி விழுந்தது. அதோடு முதுகுச் சட்டையும் கிழிந்தது.

அம்மா செருமினார்.

"அது அடியெல்லே, விடு!" என்றார் மாமா.

"போடடா துவாயை!"

"போடாதை!"

அடிக்கு ஒரு சட்டம், சட்டைக்கு ஒரு சட்டம். இரண்டும் ஒரே முதுகில் வந்தால் என்ன செய்வதென்று எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. துவாயைப் போட்டேன், எடுத்தேன், திரும்பவும் போட்டேன். முக்காலி சரிந்தது. நான் வயரில் விழ, பெட்டி ஒரு வெள்ளைப் புள்ளியாகிச் செத்தது. திரும்பக் கரண்ட் கொடுத்தபோது டெக் நாடாவைச் சப்பித் தின்றுகொண்டிருந்தது. மாமா என் காதைப் பிடித்தார். அம்மா மாமாவைப் பிடித்தார்.

சண்டை அடங்கியதும், தேத்தண்ணிச் செம்போடு என்னை வெளியே அனுப்பினார்கள். அந்த மனுசி கொட்டில் கூரையில் செருகியிருந்த தன் தகரப் பேணியை எடுத்து வந்தார்.

"தம்பி, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அவ தப்பினவவோ?"

"ஓம். தப்பீட்டா" என்றேன். எனக்கு ஒன்றும் தெரியாது. போன கிழமை கைத்தொலைபேசியில் அந்தப் படத்தின் கதையை வாசித்தபோதுதான் தெரிந்தது: தப்பவில்லை.

"பிள்ளையும்?"

"பிள்ளையும்தான்."

"அப்பாடா" என்று சொல்லிப் பேணியை நிலத்தில் வைத்துவிட்டு, இரண்டடி தள்ளிப் போய் நின்றார். அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் செம்பை உயர்த்தி, பேணியில் படாமல், ஒரு சொட்டும் சிந்தாமல் ஊற்றினேன். அன்று முழுவதும் நான் பிழைவிடாமல் செய்த வேலை அது ஒன்றுதான். அம்மாகூட, "கெட்டிக்காரன்" என்றார்.