எட்டாவது எலுமிச்சம்பழம்

நசுங்கிய எலுமிச்சம்பழத்தின் மணத்தோடு உரசிய றப்பரின் மணமும் கலந்து வந்தது. மல்வேர்னில் நான் முதல் கார் வாங்கிய மாசி மாதம் நினைவுக்கு வந்தது. அன்று பனிக்குள் நான்கு பழங்கள் வைத்தோம். உறைந்து கல்லாகிக் கிடந்த அவை ரயர் ஏறியதும் தெறித்து ஓடின, மணமே வரவில்லை. இத்தனை வருடம் பிந்தி இப்போதுதான் அந்த மணம் வந்து சேருகிறதோ என்று யோசித்துக்கொண்டு நின்றேன். அதற்குள் பவானி மச்சாள் கத்தினார்.

"இஞ்சருங்கோ, நிப்பாட்டுங்கோ! ஒரு பழம் நசியேல்லை!"

சனிக்கிழமை, காலை எட்டரை மணி. மில்லிக்கனில் ஒரு வீட்டு வாசல். பயணம் தொடங்கிப் பத்தடி தூரம்கூட ஆகவில்லை.

பயணம் என் சிநேகிதி வதனியினுடையது. முதியோர் இல்லங்களில் ஷிப்ட் ஷிப்டாக ஓடி, அண்ணன் சிவத்தின் வீட்டு நிலக்கீழ் பேஸ்மென்றில் இருபது வருடம் இருந்தவள். நாற்பத்தெட்டு வயதில் அவளுக்கு வடக்கே ஹன்ட்ஸ்வில்லில் நிரந்தர வேலை கிடைத்தது. வாடகைக்கு ஓர் அறை கிடைக்கவில்லை. பனி விழும் வரையாவது இருக்கலாம் என்று பழைய ட்ரெய்லர் ஒன்றை வாங்கிவிட்டாள். வெள்ளைப் பெட்டி போன்ற ஒரு வீடு. உள்ளே கட்டில், அடுப்பு, குளியலறை. அடியில், இரண்டு அச்சுகளில், பக்கத்துக்கு இரண்டாக நெருங்கி நிற்கும் நான்கு சக்கரங்கள். இருநூற்று இருபது கிலோமீற்றர் தள்ளி இப்படியான வண்டிகள் தங்கும் ஒரு கம்ப்கிரவுண்டில் அதை நிறுத்த இடம் பேசியிருந்தாள். அன்று மாலை ஐந்து மணிக்குள் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் காத்திருக்கும் அடுத்தவருக்கு இடம் போய்விடும். திங்கட்கிழமை வேலை தொடங்குகிறது.

இழுப்பது சிவம் அண்ணையின் பிக்கப் வண்டி. தங்கச்சி போவது அவருக்குப் பிடிக்கவில்லை. அதை அவர் ஒருநாளும் வாய் திறந்து சொன்னதில்லை. ரயர் பழசு, பிறேக் சரியில்லை, மழை வரும் என்றுதான் சொன்னார்.

புது வாகனத்துக்கு நான்கு பழங்கள் போதும். இதற்குப் பிக்கப்பின் நான்கோடு ட்ரெய்லரின் நான்கும் சேர்த்து எட்டு. டொலருக்கு இரண்டு என்று பிளாசாக் கடையில் வாங்கி வந்து, சிவம் அண்ணையின் மனைவி பவானி மச்சாளே வைத்தார். வாசலில் வண்டி நிறுத்தும் ட்ரைவ்வே கட்டையானது, பிக்கப் தெருவில் குறுக்காகவும் ட்ரெய்லர் வாசலில் நேராகவும் நின்றன. அண்ணை ஸ்டியரிங்கை ஒடித்து இழுத்தார். ட்ரெய்லர் முன்னால் நகராமல் நின்ற இடத்திலேயே முறுகித் திரும்பியது. றப்பர் கீச்சிட்டது. ஏழு பழங்கள் நசுங்கின. ட்ரெய்லரின் பின் சக்கரத்தின் கீழிருந்த எட்டாவது பழம் பக்கவாட்டில் தள்ளுண்டு, காயமில்லாமல் புல்லில் கிடந்தது.

"பழத்தை விடு, சில்லைப் பார்!" அண்ணை இறங்கி ஓடிவந்தார். "முன் சில்லு உந்தப் பக்கம் சரிஞ்சு கிடக்கு, பின் சில்லு மற்றப் பக்கம். அச்சு முறிஞ்சிட்டுது. போகேலாது."

நானும் குனிந்து பார்த்தேன். உண்மைதான். முன் ரயரின் அடிப்பாகம் ஒரு பக்கம் பிதுங்க, பின் ரயர் அதற்கு எதிர்ப்பக்கம் பிதுங்கி, இரண்டும் விளிம்பிலிருந்து கழன்று விழப்போவதுபோல் நின்றன. ஒரே வண்டியின் ஒரே பக்கத்துச் சக்கரங்கள் எப்படி இரண்டு திசையில் போக ஆசைப்படும்? எனக்கு விளங்கவில்லை.

"நீர் கவிதை எழுதுறனீர்தானே," என்றார் அண்ணை. "உமக்கு உது எப்பிடித் தெரியுது?"

"கோவிச்சுக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பின மாதிரி."

"சரியாப் போச்சு."

வதனி தரையில் முழங்கையூன்றி அடியில் எட்டிப் பார்த்தாள். "முறிஞ்ச சத்தம் கேட்டதே அண்ணை? நேரா ஒருக்கா உருட்டுங்கோ, பாப்பம்."

அவர் முணுமுணுத்தபடி தெருவில் நேரே கொஞ்சம் உருட்டினார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கவே நான்கு சக்கரங்களும் நிமிர்ந்தன, ஒன்றுமே நடக்காததுபோல. கறுப்புத் தீற்றல்கள் மட்டும் வாசலில் கிடந்தன.

"நசியாத பழம் சகுனத்துக்குக் கூடாது," என்றார் மச்சாள். சிவம் அண்ணை அந்தப் பழத்தைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டதை நான் மட்டும் கண்டேன்.

பத்து மணிக்கு ஹைவே 400. மச்சாள் வீட்டில் நின்றுவிட்டார், நாங்கள் மூவர்தான். அண்ணை ஒரு முடிவோடு வண்டி ஓடினார்: எங்கும் திரும்புவதில்லை. கோப்பிக் கடை வந்தது, போனது. கழிப்பறை இருக்கிறது என்ற பலகை வந்தது, போனது. நான் காலை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"அண்ணை, அவளுக்கு ஏலாதாம்," என்றாள் வதனி.

"திருப்பினாத்தானே பிழை. பொறுக்கச் சொல்லு."

பாரி நகரில் பாதை பிரிந்து ஹைவே 11 ஆனது. ஒறிலியா தாண்டியதும் எண்ணெய் முடியும் நிலைக்கு வந்து, அவர் திரும்பியே ஆகவேண்டி வந்தது. இரண்டு பம்புகளை மறித்துப் பெரிய வட்டமடித்தும், வெயிலில் இளகிய தாரில் ரயர்கள் அழுதன. நான் கழிப்பறைக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது அண்ணையும் தங்கச்சியும் மறுபடி பிதுங்கி நின்ற சக்கரங்களுக்கு முன்னால் குந்தியிருந்தார்கள்.

"ஒரு இடத்திலை நிண்டா ரயர் தேயாது," என்றார் அவர்.

"நிண்டாலும் வெயிலிலை வெடிப்பு விழும் அண்ணை."

ரயரைப் பற்றித்தான் பேசினார்கள் என்று நினைக்கிறேன். மறுபடி ஹைவேயில் ஏறினோம். வெட்டிய பாறைகளும் பைன் மரங்களும் ஏரிகளும் ஓடின. ஓடுவது அவையா நாங்களா என்றே எனக்குத் தெரியவில்லை.

வழியில் பாதை வேலை, மணிக்கணக்கில் ஊர்ந்தோம். கம்ப்கிரவுண்டை அடையும்போது நான்கு மணியாகிவிட்டது. எங்களுக்குரிய இடம் மரங்களுக்கு நடுவே, பாதைக்குச் செங்குத்தாக. பின்பக்கமாகத்தான் உள்ளே விட வேண்டும். ட்ரெய்லர் இடப்பக்கம் போக ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடிக்க வேண்டும். அண்ணை ஒடித்தார், ட்ரெய்லர் மரத்தைப் பார்த்தது. மறுபடி ஒடித்தார், சரளைக்கல் சக்கரங்களுக்கு இருபுறமும் வரப்பாகக் குவிந்தது. அலுவலகத்துப் பெண்மணி வந்து பார்த்துச் சிரித்தாள். இரண்டு அச்சு வண்டி எல்லாம் அப்படித்தானாம். எந்தச் சக்கரத்துக்கும் திரும்பத் தெரியாது. வண்டி திரும்பும்போது முன்னது ஒரு பக்கமும் பின்னது மறுபக்கமும் இழுபடும். ஒடிக்காமல் அகலமாக எடுங்கள் என்றாள். நான் தலையாட்டினேன். அப்போதும் விளங்கவில்லை.

நாலரை. அண்ணை இயந்திரத்தை நிறுத்தினார். நெற்றியெல்லாம் வியர்வை. "ஏலாது வதனி. திரும்பிப் போவம். பேஸ்மென்ற் அப்பிடியேதான் கிடக்கு."

"இறங்குங்கோ அண்ணை."

"உனக்கு உது ஓடத் தெரியுமே?"

"கட்டிலோடை ஆக்களை ஒடுக்கமான கதவாலை பின்னுக்கு எடுக்கிறனான், ஒவ்வொரு நாளும். இறங்குங்கோ."

அவள் அவசரப்படவில்லை. பாதையின் அந்த ஓரம் வரை முன்னே போனாள். மெல்லப் பின்னே வந்தாள். பிழைத்தால் மறுபடி முன்னே. சக்கரங்கள் முறுகத் தொடங்கும்போதெல்லாம் சற்று நேரே உருட்டி அவற்றை மூச்சுவிட வைத்தாள். அண்ணை பின்னால் நின்று கைகாட்டினார். முதலில் "நிப்பாட்டு, நிப்பாட்டு" என்று. பிறகு, எப்போது மாறியதென்று எனக்குத் தெரியாது, "வா, வா, இன்னும் வரலாம்" என்று.

ஐந்துக்கு முன்னமே ட்ரெய்லர் இடத்தில் நின்றது. அவள் இன்னும் ஒரு முழம் முன்னே நேராக உருட்டிவிட்டுத்தான் இறங்கினாள். அண்ணை ஒவ்வொரு ரயராகத் தொட்டுப் பார்த்தார். நான்கும் நேர். பிக்கப்போடு பிணைத்திருந்த கொளுவியைக் கழற்றினார். பையிலிருந்து அந்தப் பழத்தை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"இது நசியேல்லை. தேத்தண்ணிக்குப் பிழி."

அவள் வாங்கி முகர்ந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

நானும் அவரும் பிக்கப்பில் ஏறினோம். கழிப்பறை வேண்டுமா என்று அவரே கேட்டார். பிறகு, இழுக்க ஒன்றுமே இல்லாத அந்த வண்டியை, பக்கத்து வெறும் காணியின் விளிம்பு வரை கொண்டுபோய், அங்கே கிடந்த மர மேசையைச் சுற்றி, பெரிய பெரிய வட்டமாக, மெல்ல மெல்லத் திருப்பத் தொடங்கினார். கண்ணாடியில் வதனி ஓடிவருவது தெரிந்தது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சொல்ல முடியவில்லை.

"அண்ணை, பின்னாலை ஒண்டுமில்லை! ஒடிச்சுத் திருப்புங்கோ!"