என் நாத்தனாரின் கை

"அண்ணி, கை எரியுது."

பத்து வருஷமாக என் நாத்தனார் வீட்டுக்குள் நுழைந்ததும் சொல்லிவந்தது இதுதான். செருப்பைக்கூடக் கழற்றியிருக்க மாட்டாள். லேத் பட்டறையில் வேலை. இரும்பு கடையும்போது சூடு தணிய ஊற்றுகிற கூலன்ட், அந்த வெள்ளைத் தண்ணீர், அவள் விரல்களை வெடிக்க வைத்துவிட்டது. கையுறை போடலாமே என்பீர்கள். சுற்றுகிற லேத் கையுறையைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். சொந்தக்காரர்களோ தொற்றுவியாதி என்று நினைத்து, அவள் நீட்டிய டம்ளரை வாங்கவில்லை. அப்புறம் வருவதையே நிறுத்திவிட்டார்கள்.

"அந்தத் தண்ணியை விடுங்க, இல்ல வேலையை விடுங்க" என்றார் டாக்டர்.

வேறு வேலை அவளுக்குத் தெரியாது. முதலாளியிடம் கெஞ்சி, தன் லேத்தில் மட்டும் கூலன்ட் இல்லாமல் கடைய ஆரம்பித்தாள். விரல் ஆறியது. ஆனால் சூடான இரும்புச் சுருள் தெறித்து முழங்கையெல்லாம் கொப்புளம்.

"இப்பவும் எரியுதாடி?"

"எரியுது அண்ணி. ஆனா இது ஆறிடும்."

மூன்றாவது வாரம், அவள் கடைந்து அனுப்பிய நாற்பது ஷாஃப்ட், மெஷினுக்குள் சுழலும் இரும்புத் தண்டுகள், வாங்கியவரிடமிருந்து திரும்பி வந்தன. எல்லாமே அரை முடி கனம் சிறுத்திருந்தன. தண்ணீர் ஊற்றிய காலத்துப் பழக்கத்தில் கடைந்த கையோடு அளந்திருக்கிறாள். சூட்டில் உப்பியிருந்த இரும்பு ஆறியதும் சுருங்கிவிட்டது.

"நாளைலேருந்து தண்ணியைத் திறந்து விடும்மா" என்றார் முதலாளி.

"ஒரே ஒரு நாள் குடுங்க சார்."

மறுநாள் ஒரு மணி நேரம் முன்னதாகவே போனாள். புதிதாக நாற்பதைக் கொஞ்சம் பருமன் விட்டுக் கடைந்து, அடுக்கி வைத்தாள். மத்தியானம் சாப்பிட்டு வந்து ஒவ்வொன்றாகக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். வெடித்து ஆறிய விரல்தோல் காய்த்துப்போய், லேசான சூடு அதில் தெரியாதே! நன்றாக ஆறியதைத்தான் எடுத்து, கடைசி இழைப்பை மெல்லிசாகப் போட்டாள்.

அடுத்த நாள் காலை முதலாளியே அளந்தார். நாற்பதும் சரி.

"சரி, தண்ணி வேணாம். ஆனா தினமும் இதே மாதிரி சீக்கிரம் வந்துடணும்."

இப்போது வீட்டுக்குள் நுழைந்ததும், "அண்ணி, கால் வலிக்குது" என்கிறாள்.

"ஒண்ணு போனா இன்னொண்ணு ரெடியா வெச்சிருப்பியே" என்பேன். சிரிக்கக்கூடத் தெம்பிருக்காது. தட்டின் முன்னாலேயே தூங்கிவிடுவாள்.

சொந்தக்காரர்களே, ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் இருப்பாள். வந்து பாருங்கள். டம்ளரை நீட்டினால் வாங்கிக் குடியுங்கள். ஒன்றும் ஒட்டிக்கொள்ளாது.