பத்திநாதர் சோறு கருக்கிய ஞாயிற்றுக்கிழமை

பிரெஞ்சுத் தலைநகரில் தமிழர் கூடும் லா ஷப்பலில் பத்திநாதரைத் தெரியாதவர்கள் இருக்கலாம், அவருடைய சோற்றைச் சாப்பிடாதவர்கள் குறைவு. கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பிரெஞ்சு உணவகத்தின் குசினியில் அவருக்கு இருபத்தாறு வருடச் சேவை. அங்கே மீன் பொரிப்பதும் சோஸ் காய்ச்சுவதும் சம்பளத்துக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் யாருடைய பிள்ளைக்காவது தேவாலயத்தில் முதல் நன்மை, யாருக்காவது அறுபதாம் பிறந்தநாள் என்று வந்தால் புரியாணிச் சட்டிக்குப் பக்கத்தில் நிற்பது மானத்துக்கு. நூற்றைம்பது பேருக்குப் போட்டாலும் அடியில் ஒரு பருக்கை ஒட்டாது. சாப்பாடு முடிந்ததும் வெறும் சட்டியைச் சரித்து வந்தவர்களுக்குக் காட்டுவார். கோட்டை மாட்டிக்கொண்டு ரயிலுக்கு ஓடுகிறவர்களையும் மறித்துக் காட்டுவார்.

இந்தக் கிறுக்குக்கு ஒரு காரணம் உண்டு. மன்னாரிலிருந்து வந்த புதிதில் அவருக்குக் கிடைத்த முதல் வேலை, எப்போதோ மூடப்பட்டுவிட்ட ஓர் உணவகத்தில் தட்டுக் கழுவுவது. மதியம் வேலையாட்கள் எல்லாரும் மேசையில் இருந்து சாப்பிடுவார்கள். பத்திநாதருக்கு மட்டும் பெரிய சமையற்காரன் சட்டியின் அடியைச் சுரண்டி, கருகியதை ஒரு கிண்ணத்தில் போட்டு, கழுவுகிற தொட்டியின் விளிம்பில் வைத்துவிட்டுப் போவான். பதினொரு மாதம் இவர் அதை நின்றபடியே தின்றார். ஒவ்வொரு நாளும் "மெர்சி, ஷெஃப்" என்று நன்றியும் சொன்னார். பிறகு வேறு வேலை கிடைத்தது. அன்றோடு சரி, அடிப்பிடித்த சோற்றை அவர் வாயில் வைத்ததில்லை. இந்தக் கதை மனைவி அற்புதராணிக்கு மட்டுமே தெரியும்.

அப்படிப்பட்ட மனிதரிடம்தான் மகள் சுஜானி ஒரு சனிக்கிழமை வந்து, தான் ஒரு ஸ்பானியப் பெடியனை விரும்புவதாகச் சொன்னாள். காப்புறுதி நிறுவனமொன்றில் வேலை செய்கிறவள். தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்லுகிற பிள்ளை, அன்றைக்கு முழுவதையும் தமிழிலேயே சொன்னாள். விஷயம் பாரதூரமானது என்று பத்திநாதருக்கு அதிலேயே விளங்கிவிட்டது.

"பெடியன்ரை பேர் என்ன?"

"அந்தோனியோ."

சுவரில் இருந்த அந்தோனியார் படத்தை ஒரு தரம் பார்த்த அற்புதராணி அந்த இடத்திலேயே முக்கால்வாசி சம்மதித்துவிட்டாள். பத்திநாதர் மசியவில்லை.

"பேரைப் பாத்துப் பொம்பிளை குடுக்கேலாது. வீட்டுக்குப் போகவேணும். எங்களை என்னமாதிரி மதிக்கினம் எண்டு பாத்துத்தான் நான் ஓம் எண்டு சொல்லுவன்."

அந்தோனியோவின் குடும்பம் லா பிளேனில் இருந்தது. நகர எல்லையான போர்த் து லா ஷப்பலைத் தாண்டினால் நடந்தே போகலாம். முன்னொரு காலத்தில் தொழிற்சாலை வேலைக்கென்று வந்த ஸ்பானியர்களின் வழிவந்தவர்கள் இன்னும் சிலர் அங்கே உண்டு. ஞாயிறு மதியம் ஒன்றரைக்கு வரச் சொன்னார்கள். தமிழ்க் கலியாணத்துக்கு மூன்று மணி நேரம் பிந்திப் போகிற பத்திநாதர், வெள்ளைக்காரர் வீடு என்பதால் ஒன்று இருபத்தைந்துக்குக் கோட்டும் சூட்டும் பயற்றம் பணியாரப் பெட்டியுமாகக் கதவடியில் நின்றார்.

கதவைத் திறந்தவர் அந்தோனியோவின் தகப்பன் ரமோன். அரைக் காற்சட்டை, ஈரத் தலை, தோளில் துவாய். தண்ணீர்க் குழாய் வேலை செய்து ஓய்வு பெற்றவர், பெரிய வயிறு, அதைவிடப் பெரிய குரல். விருந்தினரைக் கண்டதும் அவருக்கு உண்மையிலேயே சந்தோசம். ஆனால் இவ்வளவு வேளைக்கு, சொன்ன நேரத்துக்கும் முந்தி, ஏன் வந்தார்கள் என்ற ஆச்சரியத்தையும் மறைக்கத் தெரியவில்லை. அடுப்பே இன்னும் மூட்டப்படவில்லை.

வீட்டுக்குள் உப்பிட்டு உலர்த்திய ஒரு பன்றிக்கால் குளம்போடு மேசையில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. ரமோனின் மனைவி இன்மா அதைத் தாள் மாதிரிச் சீவிச் சீவி எல்லார் கையிலும் கொடுத்தாள். பத்திநாதர் மரியாதைக்கு "வேண்டாம்" என்றார். ஊரில் என்றால் மூன்று தரம் வற்புறுத்துவார்கள், மூன்றாம் தரம் எடுக்கலாம். இன்மா "சரி" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டாள். காலையிலிருந்து வெறும் தேத்தண்ணியோடு இருந்த வயிறு அங்கேயே முறைத்துக்கொண்டது.

சமையல் பின்வளவில் நடந்தது. விறகு நெருப்பு, முக்காலி, அதன் மேல் வண்டிச் சில்லளவு அகலமான தட்டைச் சட்டி. மூடி கிடையாது. ரமோனும் அவருடைய தம்பிமார் இருவரும் அந்தோனியோவும் சுற்றி நின்று, ஒரே நேரத்தில் நான்கு பேருமாக ஆலோசனை சொன்னார்கள். குங்குமப்பூ, கோழி, முயல், அவரைக்காய் எல்லாம் போட்டு அரிசியையும் பரப்பினார்கள். அதன் பிறகு ஒருவரும் அகப்பையைத் தொடவில்லை. தொடக்கூடாதாம். பத்திநாதரின் வலது கை தன்பாட்டுக்கு அகப்பைப் பக்கம் போனது. அவர் அதைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் அந்த வாசனை வந்தது. ஆயிரம் வாசனைக்குள்ளும் அவருக்கு அது தெரியும்.

"அடிப்பிடிக்குது," என்று மனைவியிடம் கிசுகிசுத்தார். பொறுக்க முடியாமல் ரமோனிடம் பிரெஞ்சில், "எரியுது, மெசியே, எரியுது!" என்றும் சொன்னார். ரமோன் குனிந்து சட்டிக்குப் பக்கத்தில் காதை வைத்தார். உள்ளே படபடவென்று பொரிந்தது. முகமெல்லாம் மலர, இன்னும் இரண்டு விறகைத் தள்ளிவிட்டார். மனிதருக்கு மூக்கு இல்லை, அல்லது மூளை இல்லை என்று பத்திநாதர் முடிவு செய்தார்.

சாப்பாடு வரும்போது மணி மூன்று இருபது. சட்டியை அப்படியே மேசை நடுவில் வைத்து, ஆளுக்கொரு மரக்கரண்டியை எடுத்து, தங்கள் தங்கள் பக்கத்திலிருந்து வழித்துச் சாப்பிடத் தொடங்கினார்கள். ஒரே சட்டி, எல்லாருடைய எச்சிலும். அற்புதராணி கணவனைப் பார்த்தாள். சுஜானி ஓடிப்போய் இரண்டு தட்டுகள் கொண்டுவந்தாள்.

ரமோன் அதற்கும் சிரித்தார். பிறகு எழுந்து, ஓர் இரும்புத் தகட்டால் சட்டியின் நடு அடியைக் கரகரவென்று சுரண்டினார். தன் பக்கத்தையும் சுரண்டினார். கறுத்துப் பழுப்பேறிய அந்தக் குவியல் முழுவதையும் பத்திநாதரின் தட்டில் போட்டார். மேசையே கைதட்டியது.

பத்திநாதருக்கு மேசை தெரியவில்லை. தொட்டி தெரிந்தது, விளிம்பில் கிண்ணம் தெரிந்தது. சம்பந்தம் பேச வந்த வீட்டில், பெண்ணின் தகப்பனுக்கு, எல்லார் முன்னாலும் அடிச்சோறு! "மெர்சி" என்றார். "ஷெஃப்" என்பது தொண்டைவரை வந்து நின்றது. எல்லாரும் வைன் கிளாசைத் தூக்கி வாழ்த்துச் சொன்ன நேரம் பார்த்து, தட்டை மெல்ல மேசைக்குக் கீழே இறக்கினார்.

அங்கே வீட்டு நாய் பிமெந்தோன் படுத்திருந்தது. மிளகாய்த்தூள் நிறத்தில் இருந்ததால் அந்தப் பெயராம். ரகசியம் காக்கத் தெரியாத நாய். மொறுக், மொறுக் என்று அது கடித்த சத்தம் வாழ்த்தை நிறுத்திவிட்டது. இன்மா வாயைப் பொத்தினாள். ரமோன் குனிந்து நாயைப் பார்த்தார், நிமிர்ந்து பத்திநாதரைப் பார்த்தார், கிளாசைக் கீழே வைத்தார். சாப்பிட்ட பிறகு இரண்டு மணி நேரம் மேசையை விட்டு எழும்பாமல் கதைப்பது அந்த வீட்டு வழக்கம். அன்றைக்குப் பத்து நிமிடத்தில் எல்லாரும் எழும்பிவிட்டார்கள்.

திரும்பும் வழியில், பஸ் தரிப்பிடத்தில் சுஜானி அழுதாள்.

"அப்பா, அந்தச் சாப்பாட்டிலையே மதிப்பான பங்கு அதுதான். அதுக்கு அவையள் சின்னப் பிள்ளையள் மாதிரி அடிபடுவினம். அந்தோனியோவின்ரை அப்பா தன்ரை பங்கையும் சேத்துத்தான் உங்களுக்குப் போட்டவர். நீங்கள் நாய்க்குக் குடுத்திட்டீங்கள்."

"கருகினதையோ?"

"ஓம். கருகினதைத்தான்."

அன்று பின்னேரமே அந்தோனியோ தொலைபேசியில் வந்தான். அவனுடைய தகப்பன் கோபப்படவில்லையாம். ஆனால் வீட்டுக்குள் மேலும் கீழுமாக நடந்து ஒன்றையே கேட்டுக்கொண்டிருக்கிறாராம்: "அந்த மனிதருக்கு எங்களைப் பிடிக்காவிட்டால் என்னிடம் சொல்லியிருக்கலாமே, நாயிடம் ஏன் சொன்னார்?" இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்பதைத்தான் பெண்ணின் தகப்பன் இப்படிச் சொல்லியிருக்கிறார் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். சுஜானி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பத்திநாதருக்கு வெட்கமாக இருந்தது. எவனோ ஒருவன் என்றோ செய்ததற்கு, தன் பங்கையே வழித்துக் கொடுத்த ஒரு மனிதரைத் தண்டித்துவிட்டோம் என்பது அவரைச் சோபாவில் இருக்கவிடாமல் செய்தது.

"பிள்ளைக்கு அந்தத் தொட்டிக் கதையைச் சொல்லுங்கோவன்," என்றாள் அற்புதராணி. "விளங்கிக்கொள்ளுவாள்."

"சொல்லமாட்டன். அவையளை இஞ்சை சாப்பிடக் கூப்பிடுறன். நாயையும்."

"நாயையோ? இஞ்சேருங்கோ, எனக்கு நாயெண்டாப் பயம் எண்டு தெரியாதே?"

"அதுவும் இந்த விஷயத்திலை சம்பந்தப்பட்டிருக்கு."

அடுத்த மூன்று கிழமையும் வேலை முடிந்து வந்து பத்திநாதர் சோறு கருக்கப் பழகினார். சிரிக்க வேண்டாம், அது லேசான காரியமில்லை. மூக்கில் வாசனை பட்டதும் கை தானாகப் போய் அடுப்பைக் குறைத்துவிடும். கையை அற்புதராணி பிடித்துக்கொண்டால் கால் போய்ச் சட்டியைத் தட்டும். ஐந்தாம் முறைதான் அடியில் பொன்னிறமாக ஒரு தகடு விழுந்தது. அவர் அதை வாயில் வைக்கவில்லை. அற்புதராணிதான் கடித்துப் பார்த்தாள்.

"அப்பளம் மாதிரிக் கிடக்கு. உங்களுக்குச் சரிவந்திட்டுது."

விருந்து ஞாயிறு ஒரு மணிக்கு என்று சுஜானி மூலம் சொல்லி அனுப்ப, அவர்களும் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். கோழிப் புரியாணி பன்னிரண்டேகாலுக்கு அடுப்பில் ஏறியது. ஒன்று பத்துக்கு அடி பொன்னிறமாகும், ஒன்றேகாலுக்குப் பரிமாறலாம். கணக்கில் பிழையில்லை. ஸ்பானியர்களின் ஒரு மணி எத்தனை மணிக்கு வரும் என்பதை மட்டும் அவர் மறந்துபோனார். ஒன்றரை ஆனது, இரண்டு ஆனது. அடுப்பை நிறுத்தினால் தகடு நமத்துப்போகும் என்று பயந்து, மெல்லிய நெருப்பிலேயே விட்டார். வாசனை மாறிக்கொண்டு வந்தது. அது நல்ல கருகலா, கெட்ட கருகலா என்று சொல்ல அவருடைய மூக்குக்குப் பழக்கமில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

இரண்டு இருபத்தைந்துக்கு வாசல் மணி அடித்தது. ரமோன் வைன் போத்தலோடும் இன்மா ஒரு பெரிய புடிங்கோடும் அந்தோனியோ நாயோடும் நின்றார்கள். "வேளைக்கு வந்துவிட்டோமோ?" என்று ரமோன் கவலையோடு கேட்டார். மற்றபடி அவர் அதிகம் பேசவில்லை. அந்த வீட்டில் தனக்கு என்ன இடம் என்று தெரியாத மனிதர் போலச் சுவரோரக் கதிரையில் இருந்தார்.

புரியாணி மேசைக்குப் போய்த் தீர்ந்தது. கத்தரிக்காய்க் குழம்பும் தீர்ந்தது. கடைசியில் பத்திநாதர் குசினிக்குள் போய்ச் சுரண்டுகிற சத்தம் கேட்டது. இரண்டு கைகளாலும் ஒரு வெள்ளைத் தட்டைப் பிடித்துக்கொண்டு வந்து ரமோனுக்கு முன்னால் வைத்தார். வைத்த பிறகுதான் வெளிச்சத்தில் அதைப் பார்த்தார். பொன்னிறம் இல்லை, பழுப்பும் இல்லை. அடுப்புக்கரி.

தட்டிலிருந்து ஒரு துண்டு நழுவி நிலத்தில் விழுந்தது. பிமெந்தோன் ஆவலோடு வந்து முகர்ந்தது. ஒரு தும்மல் தும்மிவிட்டுத் திரும்பிப் போய்ச் சோபாவுக்குக் கீழே படுத்துக்கொண்டது. எல்லாரும் அதைப் பார்த்தார்கள். சுஜானி கண்ணை மூடிக்கொண்டாள்.

ரமோன் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்கு அந்தத் தட்டின் கருத்து விளங்கிவிட்டது. பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து வாயில் வைத்துக் கடித்தார். மொறுக்கென்றது. மென்றார். கண்ணில் தண்ணீர் வந்தது. கிளாசைத் தொடவில்லை. "மிக நன்று" என்று தன் மொழியில் சொல்லிவிட்டு அடுத்த துண்டை எடுத்தார்.

அந்தக் கசப்பு நாக்கில் எங்கே ஒட்டும், தொண்டையில் எங்கே இறங்க மறுக்கும் என்று அந்த அறையில் பத்திநாதருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. ஆனால் இந்த மனிதரை ஒருவரும் கட்டாயப்படுத்தவில்லை. பத்திநாதர் கதிரையை இழுத்து அவருக்குப் பக்கத்தில் போட்டார். தட்டிலிருந்து பாதியை அள்ளித் தன் வாயில் போட்டுக்கொண்டார். அற்புதராணி கையில் இருந்த கரண்டியைக் கீழே விட்டுவிட்டாள்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி மென்றார்கள். முதலில் சிரித்தது யார் என்பதில் இரு வீட்டாருக்கும் இன்றைக்கும் கருத்து வேறுபாடு உண்டு. ரமோன் சிரித்துப் புரைக்கேறி, பத்திநாதர் அவருடைய முதுகில் தட்டவேண்டி வந்தது.

தட்டு காலியானதும் பத்திநாதர் பழக்கதோசத்தில் சட்டியைக் கொண்டுவந்து சரித்துக் காட்டினார். அடியில் அரை அங்குலத்துக்குக் கறுப்பு. ரமோன் அதை ஒரு தொழிலாளியின் மரியாதையோடு பார்த்தார், கைச்சட்டையை மடித்துவிட்டார், சட்டியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் நடந்தார். கொஞ்ச நேரத்தில் தொட்டியடியில் இரண்டு முதுகுகள் பக்கத்துப் பக்கத்தில் தெரிந்தன. ஒருவர் சுரண்ட, மற்றவர் தண்ணீர் ஊற்றினார்.

அற்புதராணி பதறிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"இஞ்சேருங்கோ, உங்களுக்கு அறிவில்லையே? வந்த விருந்தாளியைச் சட்டி தேய்க்க விடுறதோ?"

"ஆர் விருந்தாளி?" என்றார் பத்திநாதர், திரும்பிப் பார்க்காமலே. "அவர் என்ரை சம்பந்தி. நீர் அந்தக் கம்பித் தும்பை எடுத்துத் தாரும்."

கம்பித் தும்பைக் கொண்டுவந்து கொடுத்தது சுஜானிதான்.