அக்கா செய்த ரப்பர் மரக் கட்டில்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பாதிப்பேர் எங்கள் அக்கா செய்த நாற்காலியில் ஒருமுறையாவது உட்கார்ந்திருப்பீர்கள். அக்கா பிறந்தது அருமனையில், ரப்பர் மரங்கள் நிற்கும் விளைக்கு நடுவில் இருக்கும் எங்கள் வீட்டில். 2004-இல் பிளஸ் டூ முடித்ததும் உறவுக்காரர்கள் அத்தனை பேரும் நர்சிங் படிக்கச் சொன்னார்கள். அக்கா ஒருவர் பேச்சையும் காதில் வாங்காமல் சென்னைக்குப் போய் இன்டீரியர் டிசைன் என்னும் உள்ளலங்காரம் படித்தார். பிறகு பெங்களூரில் நல்ல வேலை. அதையும் விட்டுவிட்டு ஊரில் வந்து தச்சுப் பட்டறை போட்டபோது அப்பா முகம் கொடுத்துப் பேசவில்லை.

வேலையை விட்டதைவிட, அக்கா கையில் எடுத்த மரம்தான் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. பால் வற்றிய ரப்பர் மரத்தை எங்கள் பக்கம் விறகுக்கும் பெட்டி அடிக்கவும்தான் கொடுப்பார்கள். வெட்டிய கையோடு மருந்து ஏற்றி உலர்த்தினால் அது பூச்சி அரிக்காமல் உழைக்கும், காட்டு மரத்தில் கை வைக்க வேண்டாம் என்பது அக்காவின் கட்சி. அந்த மரத்தில் சட்டம் இழைத்து, பனைநார் பின்னும் பெண்களைக் கொண்டு பின்னி, கட்டிலும் நாற்காலியும் செய்தார். “தேக்கு வாங்க வக்கில்லாதவன்னு ஊரு பேசும் மக்களே” என்றார் அப்பா அக்காவிடம். அப்பா வாயால் ஒரு தடவை நல்லாயிருக்கு என்று கேட்டால் போதும் என்று அக்கா என்னிடம் மட்டும் சொன்னார்.

தங்கையான எனக்குத் திருமணம் நிச்சயமான சமயத்தில் அக்கா நாகர்கோவிலில் கண்காட்சி வைத்தார். கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் மண்டபக்காரர்கள் ஒவ்வொன்றின் மேலும் ‘தொடாதீர்கள்’ என்று அட்டை வைத்துவிட்டார்கள். நம் ஆட்களைச் சொல்ல வேண்டுமா? கோயிலுக்கு வந்ததுபோல் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனார்கள். ஒருவரும் உட்காரவில்லை. ஒருவரும் விலை கேட்கவில்லை. அக்காவின் முகம் வாடிப்போனது.

கடைசி நாள் என் வருங்கால மாமியார் வந்தார். தோவாளையில் பூ வியாபாரம் செய்பவர். விடியுமுன் எழுந்து மதியம் வரை சந்தையில் நின்ற கால். நேராகப் போய் அட்டையை ஓரமாக எடுத்து வைத்துவிட்டுக் கட்டிலில் சாய்ந்தார். சற்று நேரத்தில் குறட்டை கேட்டது. எழுப்பப் போனவர்களை அக்கா விடவில்லை. சனம் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது. பிறகு ஒவ்வொருவராக நாற்காலிகளில் உட்கார்ந்து பார்க்கத் தொடங்கினார்கள். மாமியார் எழுந்ததும், “அடுக்களை காண வரும்போ இந்தக் கட்டிலக் கொண்டு வாருங்க. வேற ஒண்ணும் வேண்டாம்” என்றார்.

திருமணத்துக்குப் பின் பெண் வீட்டார் கட்டிலும் பாத்திரமுமாக மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும் சடங்கு அது. நாலு பேர் பார்க்க மதிப்பாக இருக்க வேண்டும் என்று அப்பா தேக்குக் கட்டிலுக்குச் சொல்லி வைத்திருந்தார். சம்பந்தி கேட்டதை மறுக்க முடியாமல், அந்த நாளில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வேனில் ஏறினார். தோவாளையில் கட்டிலை இறக்கும்போது மாப்பிள்ளையின் பெரியப்பா சட்டத்தைத் தட்டிப் பார்த்து, “இது என்ன தடி?” என்று மரத்தின் பெயரைக் கேட்டார். எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள்.

“நம்ம விளையில நின்ன ரப்பராக்கும். எனக்க மூத்த மவ செஞ்சது” என்றார் அப்பா, சத்தமாகவே.

பெண்களோடு பின்னால் நின்ற அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அப்பா அவரிடம் நேரில் ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவின் சுபாவம் அப்படி.

அதன்பின் நம் மாவட்டத்தில் எத்தனையோ பெண்களோடு அக்காவின் கட்டிலும் புகுந்த வீட்டுக்குப் போனது. இதைச் சொல்லிக்கொள்வதில் எங்களுக்குக் கூச்சமே இல்லை, பெருமைதான். நோயில் படுத்த பிறகும் அக்கா, பட்டறையிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு நாற்காலியையும் வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லி, கையால் தடவிப் பார்த்துத்தான் அனுப்பினார். சென்ற ஆண்டு எங்களை விட்டுப் பிரிந்தார்.

மருத்துவமனையில் முறைபோட்டுத் துணையிருந்த தோழியருக்கும், பட்டறையைப் பூட்டவிடாமல் நடத்திவரும் தச்சர்களுக்கும், பனைநார் பின்னும் பெண்களுக்கும், துக்கத்தில் உடன் நின்ற உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இந்த மலருக்கு நான் நாலு வரி கேட்டபோது, எழுத வராது என்று அப்பா எழுந்து போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்:

“கட்டில் நல்லாயிருந்துன்னு நான் சொன்னதா எழுது மக்களே. அவகிட்ட நான் சொல்லல்ல.”

எழுதிவிட்டேன், அக்கா.