அப்பா குரலுக்கு மட்டும் திரும்பியவள்

முதல் அறிகுறி எங்களுக்குக் கேலியாகத்தான் வந்தது. என் மகள் லாவண்யாவுக்கு அப்போது ஒன்றேகால் வயது. அப்பா கூப்பிட்டால் திரும்புவாள், நான் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். “அப்பன் கொரலுக்குத்தான் திரும்புது. உன்னிய கண்டுக்கவே மாட்டேங்குதே,” என்று ஒரகடம் பக்கத்து வல்லத்தில் எங்கள் வீட்டுக்கார அம்மா சிரித்தார். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

ஒரகடத்தில் கம்பெனிகள் வரிசையாக வந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. என் கணவருக்குப் பிரஸ் ஷாப்பில் வேலை. தகடு அடிக்கும் இரைச்சலில் கத்திப் பேசியே பழகியவர், வீட்டிலும் அதே குரல். அந்தக் குரல் மட்டும்தான் அவளுக்குக் கேட்டிருக்கிறது என்பது சென்னையில் பரிசோதித்தபோது தெரிந்தது. இரண்டு பக்கமும் நரம்புவழிக் கேள்திறன் குறைவு (உள்காதில் ஏற்படும் பழுது, மருந்தால் சரியாகாது). காது கேட்கும் கருவி மாட்டினார்கள்.

நாங்கள் கோவில்பட்டிப் பக்கத்துத் தெலுங்குக் குடும்பம். நான் படித்தது தமிழில். கொஞ்சுவதும் திட்டுவதும் தெலுங்கில். இந்த மாதிரிப் பிள்ளைக்கு இரண்டு மொழி ஆகாது, குழம்பிவிடும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். தெலுங்கை நிறுத்தினேன். தமிழில் ‘வா’, ‘சாப்பிடு’, ‘தூங்கு’ என்பதற்கு மேல் அவளிடம் எனக்கு எதுவும் வரவில்லை. மாதங்கள் போயின. காதில் கருவி இருந்தது, கேட்பதற்குத்தான் வீட்டில் பேச்சில்லை. இவள் பேசாமலே போய்விடுவாளோ என்று பயந்தேன்.

பேச்சுப் பயிற்சியாளர் ஒரு நாள் எங்களைக் கவனித்துவிட்டு, “வீட்லயும் இவ்ளோ கம்மியாதான் பேசுவீங்களாம்மா?” என்றார். விஷயத்தைச் சொன்னேன்.

“ரெண்டு மொழியால குழந்தை குழம்பாது. உங்களுக்கு எது தாராளமா வருதோ அதுல பேசுங்க. முகத்தப் பாத்துப் பேசுங்க. தமிழ் அது பாட்டுக்கு வரும்.”

திரும்பும்போது சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் வீடு வரும்வரை அவளிடம் தெலுங்கில் பேசிக்கொண்டே வந்தேன். எதிரே இருந்தவர்கள் ஒருமாதிரி பார்த்தார்கள். எனக்கு அழுகை வந்தது.

முகம் பார்த்துப் பேசுவது கணவருக்குச் சுலபமாக வந்தது. காதடைப்பான் போட்ட ஆட்கள் தோளைத் தொட்டு, நேருக்கு நேர் நின்று பேசுவதுதான் கம்பெனி லைனில் வழக்கம். குரலைத் தணிக்கத்தான் அவருக்கு நாளாயிற்று.

இதே நிலையில் இருக்கும் பெற்றோருக்கு ஒன்று சொல்வேன். அடுத்த வீட்டுப் பிள்ளையின் வயதோடு ஒப்பிடாதீர்கள். லாவண்யாவின் வயதை நான் கருவி மாட்டிய நாளிலிருந்துதான் எண்ணுகிறேன். அவள் கருவி கழற்றியிருக்கும்போது எனக்கே காது அடைத்த மாதிரி இருக்கிறது.

இப்போது பள்ளிக்கூடத்தில் தமிழ், வீட்டில் தெலுங்கு. பேச்சில் சில எழுத்துகள் தேயும். நேற்று எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். அடுப்படியிலிருந்து என் வழக்கமான குரலில், “லாவண்யா, ரா” (வா) என்று கூப்பிட்டேன்.

“வஸ்தா” (வருகிறேன்) என்றாள், திரும்பாமலே.