வட்டம் போட்ட கற்கள்

வெள்ளைக் கையுறை போட்ட ஒரு கை, கறுப்புக் கல்லின் மேல் சாக்பீஸால் வட்டம் போடுகிறது. எங்கள் முதலாளியம்மாவை நினைக்கும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அவர் முகமல்ல, இந்தக் கைதான். எண்பதுகளில் ஓர் ஆனி மாதம். பெருமுக்கல் பக்கத்தில் இருந்த எங்கள் கல் குவாரிக்கு ஜப்பானிலிருந்து ஒருவர் கல் வாங்க வந்திருந்தார். வெட்டி அடுக்கியிருந்த ஒவ்வொரு கல்லின் மேலும் தண்ணீரை ஊற்றச் சொல்லி, அது காயும்வரை வெயிலிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கல்லுக்குள் விரிசல் இருந்தால், மற்ற இடமெல்லாம் காய்ந்த பிறகும் அந்தக் கோடு மட்டும் ஈரமாகவே நிற்கும். தள்ளி நிழலில் நின்ற எங்களுக்கு அந்தக் கோடு தெரியாது. பார்த்து முடித்ததும் வெள்ளைக் கையுறை போட்ட கையால் சாக்பீஸை எடுப்பார். சில கற்களுக்கு வட்டம். சில கற்களுக்கு டிக். வாயைத் திறந்து ஒரு வார்த்தை இல்லை.

நான் விழுப்புரத்துக்காரி. பி.ஏ. படித்துவிட்டு டைப்ரைட்டிங்கும் முடித்து, தினமும் காலைப் பாசஞ்சரில் திண்டிவனத்துக்கு வேலைக்கு வந்துகொண்டிருந்தேன். உரக்கடை ஒன்றின் மாடியில் எங்கள் அலுவலகம். முதலாளி மாரடைப்பில் இறந்துபோக, காரியம் முடிந்த கையோடு அவர் மனைவி அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்திருந்தார். அதுவரை வீட்டைத் தவிர வேறெதையும் நிர்வாகம் செய்தறியாதவர். அவருடைய கொழுந்தனார் வாரம் தவறாமல் மாடியேறி வருவார். "பொம்பளையால ஆவற காரியமா அண்ணி இது? நல்ல விலைக்குக் கேக்கறாங்க, குவாரிய விட்டுடலாம்" என்பார். முதலாளியம்மா அவருக்கு டீ வாங்கிவரச் சொல்வார். அவர் குடித்து முடிக்கும்வரை கணக்கு நோட்டைப் புரட்டுவார். பிறகு, "ஆவுதா ஆவலையான்னு நான் பாத்துட்டுச் சொல்றேன்" என்பார். குவாரியை நம்பிச் சுற்றுவட்டாரத்தில் பல குடும்பங்கள் இருந்தன. உள்ளூர் வியாபாரம் படுத்துக்கிடந்த அந்த நேரத்தில், ஜப்பான்காரர் வருகிறார் என்று சென்னையிலிருந்து ஏஜென்ட் டிரங்க் கால் போட்டுச் சொன்னதும் எல்லோருக்கும் உயிர் வந்தது.

அன்றைக்குச் சாக்பீஸ் குறிகளைப் பார்த்து யாருக்கும் எந்தச் சந்தேகமும் வரவில்லை. "டிக் போட்டதெல்லாம் பாஸு. வட்டம் போட்டது தப்பு" என்றார் மேஸ்திரி. பள்ளிக்கூடம் போன எங்கள் எல்லோருக்கும் வாத்தியார் போட்ட டிக் தெரியும். பிழையைச் சுற்றி அவர் போட்ட வட்டமும் தெரியும். இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

புறப்படும் நேரத்தில் முதலாளியம்மா, குறி எதுவும் போடாமல் ஓரமாகக் கிடந்த இரண்டு கற்களையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும்படி என் மூலமாகக் கேட்டார். ஜப்பான்காரர் தலையைச் சாய்த்து, பல்லிடுக்கால் காற்றை உள்ளே இழுத்து, "கொஞ்சம் கஷ்டம்" என்றார் ஆங்கிலத்தில். அதைச் சொன்னதும் முதலாளியம்மாவின் முகம் மலர்ந்தது. "கஷ்டம்னுதான சொல்றாரு, முடியாதுன்னு சொல்லலியே. ஏத்திடலாம்" என்றார். பிறகு ஜப்பான்காரர், ஆடி முடிவதற்குள் எல்லாக் கற்களும் துறைமுகத்துக்கு வந்துவிடுமா என்று கேட்டார். "பண்ணிடலாங்க" என்று முதலாளியம்மா உடனே சொன்னார். எங்கள் பக்கத்தில் அது ஒரு மரியாதை. வீடு தேடி வந்தவர் முகம் வாடாமல் திரும்பிப் போகவேண்டும் என்பதற்காகச் சொல்வது. நான் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் தேதியோடு குறித்துக்கொண்டார்.

ஆடியில் கிரேன் பழுதாகி, லாரி கிடைக்காமல் பேஜாராகி, ஆவணியில்தான் கற்கள் போயின. டிக் போட்டவற்றில் ஒன்றைத் தவிர எல்லாமும், கூடவே அந்த இரண்டு கற்களும். அதன்பிறகு வெகுநாள் ஒரு தகவலும் இல்லை. கடைசியில் ஏஜென்ட் மூலமாக ஒரு வரி வந்தது: உங்கள் கற்களை எதிர்காலத்தில் பரிசீலிப்போம். முதலாளியம்மா குவாரியில் எல்லோருக்கும் பூந்தி வாங்கிக் கொடுத்தார். மறுநாள் ஏஜென்டுக்கு டிரங்க் கால் போட்டு, அடுத்த லோடு எப்போது என்று கேட்டார். அந்தப் பக்கத்திலிருந்து வந்த குரல் எனக்கே கேட்டது. "ஐயோ அம்மா, பரிசீலிக்கறோம்னா அவங்க பாஷைல வேணாம்னு அர்த்தம். அவரு கழிச்ச கல்லையே பாத்துப் பாத்து அனுப்பியிருக்கீங்களாம். அவரு வேணாம்னு சொன்ன ரெண்டையும் வேற சேத்து."

"அவரு எங்க வேணாம்னாரு? அவரு கையாலதான டிக் போட்டாரு!" என்று முதலாளியம்மா கத்தினார். கொழுந்தனார் அன்றைக்கே வந்து, இனியாவது விற்றுவிடலாம் என்றார். "நான் இன்னா தப்பு பண்ணேன்னு எனக்கே தெரியாம விக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டு, என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு குவாரிக்குப் போனார்.

வட்டம் போட்ட கற்கள் அங்கே அப்படியே கிடந்தன. அவர் குடத்தை வாங்கி, ஒரு கல்லின் மேல் தானே தண்ணீரை ஊற்றினார். புடவையைச் செருகிக்கொண்டு, ஜப்பான்காரர் உட்கார்ந்த மாதிரியே உட்கார்ந்தார். கல் காய்ந்தது. ஒரு கோடுகூட இல்லை. இன்னொன்று. அதிலும் இல்லை. டிக் போட்ட கல் ஒன்று, லாரியில் இடமில்லாமல் தங்கிப்போயிருந்தது. அதன்மேல் ஊற்றிவிட்டுக் காத்திருந்தோம். நடுவில் மயிரிழை போல ஓர் ஈரக்கோடு, காயாமல் நின்றது. மேஸ்திரி வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார்.

"வட்டம் போட்டதுதான் நல்ல கல்லு, பாப்பா" என்றார் முதலாளியம்மா என்னிடம். அவர் குரலில் கோபமில்லை. "அவங்க ஊரு வாத்தியாரு வேற மாதிரி போடுவாரு போல. அவரு மேலயும் தப்பில்ல, நம்ம மேலயும் தப்பில்ல. இத அவருக்கு எதிர்ல சொல்லாம நான் விடப்போறதில்ல."

ஐப்பசியில் வேறு ஒரு குவாரி விஷயமாக ஜப்பான்காரர் சென்னைக்கு வருவதாகத் தெரிந்தது. ஏஜென்ட் எவ்வளவோ தடுத்தார். போனது போகட்டும், அவர்களுக்கு இதெல்லாம் பிடிக்காது என்றார். முதலாளியம்மா கேட்கவில்லை. அடைமழையில் திண்டிவனத்தில் பஸ் பிடித்து, நனைந்த புடவையோடு ஏஜென்டின் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். ஜப்பான்காரர் எழுந்து குனிந்து வணங்கினார். முதலாளியம்மாவும் கைகூப்பினார். பிறகு மேசைமேல் இருந்த தாளை இழுத்து, அதில் ஒரு டிக் போட்டு, "எங்க ஊர்ல இது சரி" என்றார். பக்கத்தில் ஒரு வட்டம் போட்டு, "இது தப்பு" என்றார். நான் மொழிபெயர்த்தேன். ஜப்பான்காரர் அந்தத் தாளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மெல்லத் தன் பேனாவை எடுத்து, வட்டத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் 'நல்லது' என்றும், டிக்குக்குக் கீழே 'கூடாது' என்றும் எழுதினார். எழுதி முடித்ததும் கையால் நெற்றியை அழுத்திக்கொண்டார். அவர் காது சிவந்துவிட்டது.

"தாமதம் எங்க தப்பு. அந்த ரெண்டு கல்ல ஏத்தினதும் நாங்கதான். அதுக்கு மன்னிச்சுக்கணும்" என்றார் முதலாளியம்மா. "வட்டம் போட்டதெல்லாம் பத்திரமா இருக்குதுன்னு சொல்லு."

ஜப்பான்காரர் தலையை ஆட்டினார். கொஞ்சம் யோசித்து, வட்டம் போட்ட கற்கள் இந்த மாதக் கடைசிக்குள் துறைமுகத்துக்கு வருமா என்று கேட்டார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. குவாரிப் பாதை இடுப்பளவு சேற்றில் கிடந்ததை முந்தின நாள்தான் பார்த்திருந்தோம். ஏஜென்ட் மேசைக்கடியில் காலால் என்னைச் சீண்டி, "பண்ணிடலாம்னு சொல்லும்மா, அப்புறம் பாத்துக்கலாம்" என்று முணுமுணுத்தார். கையில் வந்த வியாபாரம். திரும்பவும் கைவிட்டுப் போனால் குவாரியே போய்விடும்.

"முடியாது" என்றார் முதலாளியம்மா.

நான் அவரைப் பார்த்தேன். கேட்டு வந்தவரிடம் முகத்துக்கு நேராக முடியாது என்பது எங்கள் பக்கத்தில் கதவைச் சாத்துவது மாதிரி. அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து நான் அதுவரை கேட்டதில்லை. கொழுந்தனாரிடம்கூட அவர் சொன்னதில்லை. நான் அதைக் கொஞ்சம் பதமாகச் சொல்ல ஆங்கிலத்தில் வார்த்தை தேடினேன். அதற்குள் முதலாளியம்மாவுக்குப் புரிந்துவிட்டது. "நீ அத மெழுகாத, பாப்பா. முடியாதுன்னா முடியாதுன்னே சொல்லு. தை பொறந்ததும் அனுப்பறேன். அதுல மாத்தம் இருக்காது, அதையும் சொல்லு."

சொன்னேன். ஏஜென்ட் கண்ணை மூடிக்கொண்டார். ஜப்பான்காரர் முதலாளியம்மாவை நேராகப் பார்த்து, "மு-டி-யா-து?" என்று எழுத்தெழுத்தாகக் கேட்டார். "ஆமாங்க, முடியாது" என்றார் இவர். அவர் அந்தச் சொல்லைத் தன் எழுத்தில் குறித்துக்கொண்டு, தை மாதத்துக்கு ஒப்புக்கொண்டார்.

அதன்பிறகு நான் எத்தனையோ இடங்களில் வேலை பார்த்துவிட்டேன். இப்போது என் மகள் சென்னையில் உட்கார்ந்தபடியே தினமும் வெளிநாட்டுக்காரர்களோடு திரையில் பேசுகிறாள். அவர்களுடைய வழக்கங்களைச் சொல்லித்தர அவளுக்கு அலுவலகத்தில் தனி வகுப்பே நடக்கிறது. எங்களுக்கு அப்படி யாரும் சொல்லித்தரவில்லை. யோசித்துப் பார்த்தால், அந்த இருவரும் ஒரே மாதிரி வளர்ந்தவர்கள். எதிரில் இருப்பவரின் மனம் நோகக்கூடாது என்பதற்காக இல்லை என்று சொல்லாமலே வாழப் பழகியவர்கள். ஜப்பான்காரர் 'இல்லை' என்பதைக் 'கஷ்டம்' என்ற சொல்லுக்குள் வைத்துக் கொடுத்தார். முதலாளியம்மா 'பண்ணிடலாங்க' என்பதற்குள் வைத்துக் கொடுத்தார். பிரித்துப் பார்க்க மற்றவருக்குத் தெரியவில்லை. இருவரில் யாராவது ஒருவர் தன் வளர்ப்பை மீறவேண்டியிருந்தது. முதலாளியம்மா மீறினார். அதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்திருக்கும் என்பது, வீட்டில் எனக்குப் பார்த்த ஒரு சம்பந்தத்தை, வேலையை விடச் சொன்னார்கள் என்பதற்காக நானே வாய்திறந்து மறுத்த அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அந்தத் தையில், பொங்கல் முடிந்து ஜப்பான்காரர் குவாரிக்கே வந்தார். வட்டம் போட்டவை லாரியில் ஏறக் காத்திருந்தன. புதிதாக வெட்டிய பெரிய கல் ஒன்றும் இருந்தது. மழைக்குப் பிறகு மேஸ்திரியும் ஆட்களும் பாடுபட்டு எடுத்தது. அது விலைபோனால் அந்த வருடக் கவலையே தீரும். அவர் தண்ணீர் ஊற்றச் சொன்னார். உட்கார்ந்தார். கல் காயும்வரை நாங்கள் அவரைச் சுற்றி நின்றோம். ஒரு மூலையில் மட்டும் மெல்லிய ஈரக்கோடு நின்றது. அவர் எழுந்து தலையைச் சாய்த்தார். பல்லிடுக்கால் காற்றை உள்ளே இழுத்தார். அந்தப் பழைய வார்த்தை வரப்போகிறது என்று நான் தயாரானேன். அவர் பாதியில் நிறுத்தினார். முதலாளியம்மா பக்கம் திரும்பி, நிமிர்ந்து நின்று, பள்ளிக்கூடப் பையன் ஒப்பிப்பது போலத் தமிழில் சொன்னார்:

"முடியாது."

முதலாளியம்மா சிரித்தார். கணவர் போனபிறகு அவர் வாய்விட்டுச் சிரித்ததை நாங்கள் கேட்டதில்லை. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அவரைப் பார்த்து ஜப்பான்காரரும் கையால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தார். பெரிய கல் போய்விட்டதே என்று முகம் தொங்கிப்போய் நின்ற மேஸ்திரியிடம் முதலாளியம்மா சொன்னார்:

"இன்னா மேஸ்திரி, மூஞ்சத் தொங்கப்போட்டுக்கினு நிக்கற? இப்பதான் இந்த மனுசன் நம்மகூட வியாபாரம் பண்ண ஆரம்பிச்சிருக்காரு. ஜல்தியா மத்ததெல்லாம் ஏத்து."