அண்ணாச்சி வாங்கிய சத்தம்

அந்த லேப்டாப் திரையின் கீழ்மூலையில் ஒரு நீலப் பொத்தான் இருந்தது. அழுத்தினால் ஒளிரும், மறுபடி அழுத்தினால் சாம்பல் நிறமாகிவிடும். ஒளிரும்போது பாட்டும் பேச்சும் புளி போட்டுத் துலக்கிய பித்தளை மாதிரி பளிச்சென்று வரும். அணைத்தால் அதே குரல் தகர டப்பாவுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். சில நாள் ஓசியில் கேட்கவிட்டு, ருசி கண்டபின் ‘காசு கட்டினால்தான் இனிமேல்’ என்று கையை நீட்டுகிற ஒலி மென்பொருள் அது. அந்தப் பொத்தானை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பாவம், பொத்தான் ஒரு தப்பும் செய்யவில்லை.

லேப்டாப்புக்குச் சொந்தக்காரர் எங்கள் ஆலையின் ஃபோர்மேன். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர் என்பதால் எல்லாருக்கும் அண்ணாச்சி. ஒரகடத்தில் கார்களுக்கான தகடுகளை அடித்து வளைக்கிற ஆலை அது. அவர் பிரஸ் ஷாப்பில், நான் பர்ச்சேஸில். எது காசுக்குத் தகும், எது தகாது என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். போதாக்குறைக்கு, சொந்தமாக உருப்படியான ஒரு ஸ்பீக்கர்கூட இல்லாமல், ஸ்பீக்கர் விமரிசனங்களாகப் படித்துத் தள்ளி, கண்ணை மூடிக்கொண்டு ‘பேஸ், அதாவது அடித்தொனி, கொஞ்சம் தடிமன்’ என்று தீர்ப்பு வழங்கும் வியாதியும் எனக்கு இருந்தது. கேன்டீன் ரேடியோவைக்கூட நான் விட்டுவைத்ததில்லை. ஆகவே அண்ணாச்சி ஒரு மத்தியானம் சாப்பாட்டுத் தட்டோடு என் எதிரில் வந்து உட்கார்ந்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

“சார், லேப்டாப்புல சத்தமே பத்த மாட்டேங்கு. ஊர்லேருந்து பிள்ள பேசுதது ஒண்ணும் வெளங்கல. துட்டு கட்டுனா நல்லாக் கேக்கும்னு அதுவே சொல்லுது. கட்டலாமா வேண்டாமா, நீங்க வந்து கேட்டுப் பாத்துச் சொல்லணும்.”

இதை என்னிடம் மட்டும்தான் சொன்னார். கேன்டீன் முழுக்கக் கேட்டது. பிரஸ் ஷாப்காரர்கள் எல்லாருமே அப்படித்தான் பேசுவார்கள். நாங்கள் அதைத் தெற்கத்தி வெள்ளந்தித்தனம் என்று நினைத்து ரசித்துக்கொண்டிருந்தோம்.

பிரஸ் ஷாப்புக்குள் போனவர்களுக்குத் தெரியும். அங்கே சத்தம் முதலில் காதில் விழாது, செருப்பின் அடியில் ஏறும். தகட்டின் மேல் பிரஸ் இறங்கும் ஒவ்வொரு அடிக்கும் வயிற்றுக்குள் ஒரு பாத்திரம் உருளும். அதனால் அங்கே வாயால் பேசுகிற வழக்கமே கிடையாது. கட்டைவிரல் உதட்டுக்குப் போனால் டீ. தோளை இரண்டு விரலால் தட்டினால் மேனேஜர் வருகிறார். உள்ளங்கையில் சோறு பிசைந்து காட்டினால், சாப்பிட்டாயா. காதில் செருகும் ஆரஞ்சு நிறப் பஞ்சுக் குமிழ்கள் ஸ்டோரில் இல்லாமலில்லை. கார் கம்பெனியிலிருந்து தணிக்கைக்கு ஆள் வரும் நாளில், காலையில் தட்டில் வைத்துப் பிரசாதம் போல வழங்குவார்கள். வந்தவர் கார் கேட்டைத் தாண்டியதும் கல்யாண வீட்டு வெள்ளிக் கிண்ணத்தை எண்ணுவது போல எண்ணித் திரும்ப வாங்கிவிடுவார்கள். யார் காதிலிருந்தது அடுத்த தடவை யார் காதுக்குப் போகும் என்பது பெருமாளுக்கே வெளிச்சம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஸ்ரீபெரும்புதூரில் அவர் அறைக்குப் போனேன். மாடியில் ஓர் அறை, நான்கு பேர், நான்கு பேரும் பிரஸ் ஷாப். நான் போவதற்கு முன்பே அங்கே விசாரணை முடிந்து, லேப்டாப்பில் சத்தம் குறைவு என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியிருந்தது. நாலு பேர் காதில் கேட்டுப் பார்த்தாகிவிட்டது, நாலு பேருக்கும் விளங்கவில்லை, இனி வேறென்ன சாட்சி வேண்டும்? சுவர் ஓரம் எனக்கு ஒரு ஸ்டூல் போட்டார்கள். பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டிக்காக மகள் பேசிப் பதிவு செய்து அனுப்பியதை அண்ணாச்சி சத்தத்தை முழுக்க ஏற்றி ஓடவிட்டார்.

என் இரண்டு கைகளும் என்னைக் கேட்காமலே காதுகளுக்குப் போய்விட்டன. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. கீழ் வீட்டம்மா தெருவில் வந்து நின்று, “யோவ்! இன்னாத்துக்குய்யா இப்டி அலற வுட்டுக்கினு கீறீங்க? இது வூடா, திருவிழாப் பந்தலா?” என்று கத்தினார். நான் திரும்பிப் பார்த்தேன். மற்ற நால்வரும் திரும்பவில்லை. அந்தக் குழந்தை மதுவிலக்கைப் பற்றியோ மரம் நடுவதைப் பற்றியோ ஆவேசமாகப் பேசிக்கொண்டிருக்க, அவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திரையை என் பக்கம் திருப்பிக்கொண்டு நீலப் பொத்தானை அழுத்தியும் அணைத்தும் காட்டினேன். எனக்கு அது பகலும் இரவுமாக இருந்தது. “ஏதாவது வித்தியாசம் தெரியுதா?”

“ரெண்டும் ஒண்ணுதான் சார்” என்றான் ஒருவன். “அதான் நாங்களும் சொல்லுதோம், சனியன் மிசினே சரியில்ல.”

அண்ணாச்சி மட்டும் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கையைப் படித்துப் பிழைக்கிற மனிதர். காதைப் பொத்திய கைக்கு என்ன அர்த்தம் என்று அவருக்கு அகராதி தேவைப்படவில்லை. ஜன்னல் பக்கம் போய்க் கீழே பார்த்தார். அந்தம்மா இன்னும் வாயை அசைத்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி திரும்பி வந்து லேப்டாப்பை மூடினார். மூன்று பேரையும் பஜ்ஜி வாங்கிவர அனுப்பினார்.

“காசு கட்டாதீங்க அண்ணாச்சி” என்றேன். “முதல்ல காதைக் காட்டுங்க.”

“இத ஆபீஸ்ல சொல்லிராதீய சார். காதுக்குள்ள இரையுதுன்னு ஒரு பய டாக்டர்ட்ட சொன்னான். நல்லா ரெஸ்ட் எடுன்னு அனுப்பி வச்சாவ. பொறவு அவன் பேரு லைன்லயே இல்ல. காது போனவன் ஃபோர்மேனா இருக்க முடியுமா? பிள்ள படிப்பு எனக்கு இந்த வேலையிலதான இருக்கு?”

வருடா வருடம் ஆலையில் மருத்துவ முகாம் நடக்கும். டாக்டர் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து “காது நல்லா கேக்குதா?” என்று கேட்பார். கேட்டதற்குப் பதில் சொன்னால் கேட்கிறது என்று பொருள். உதட்டைப் படிப்பதில் பிரஸ் ஷாப்காரனை மிஞ்ச ஆள் கிடையாது. அத்தனை பேரும் பாஸ். எங்கள் ஆலையில் செவிடே கிடையாது என்பதை அந்த முகாம் ஆண்டு தவறாமல் நிரூபித்தது. இதைவிட மலிவான வைத்தியத்தை நான் பர்ச்சேஸில் இருந்த காலத்தில் கண்டதில்லை.

யார் பேரும் சொல்லாமல், பிரஸ்களைச் சுற்றிச் சத்தத் தடுப்புக் கூண்டு போடலாம் என்று விலைப்புள்ளிகளோடு ஒரு கோப்பு வைத்தேன். மேனேஜர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, “இதுல நமக்கு என்னய்யா ரிட்டர்ன்?” என்றார். அதே வாரம் மாநாட்டு அறைக்குப் புது ஸ்பீக்கர்களும் மைக்குகளும் வாங்கும் கோப்பு என் மேஜைக்கு வந்தது. வெளிநாட்டுத் தலைமையகத்தார் போனில் பேசுவது கொஞ்சம் மந்தமாக இருக்கிறதாம். “குரல் தெளிவாக் கேக்கலைன்னா எப்படிய்யா முடிவெடுக்கிறது?” என்றார் அதே மேனேஜர். அந்தக் கோப்பில் ரிட்டர்ன் என்னவென்று யாரும் கேட்கவில்லை. அந்த ஸ்பீக்கரின் பேஸ் எப்படி என்று கேட்டார்கள், என்னைத்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குச் சொல்ல ஒரு அபிப்பிராயமும் இல்லை.

அடுத்த மாதம் ஷிஃப்ட் பஸ்ஸுக்காக நிற்கும்போது அண்ணாச்சி சொன்னார்: “துட்டக் கட்டிட்டேன் சார்.”

“வேண்டாம்னு சொன்னேனே!”

“கட்டலேன்னா கொற எங் காதுலன்னு ஆயிரும்லா? வீட்ல, லேப்டாப்பு சரியில்லன்னுதான சொல்லி வச்சிருக்கேன்.”

“இப்ப என்ன சொல்வீங்க?”

“அங்கிட்டு மைக்கு சரியில்லன்னு சொல்லுதேன்.” சிரித்தார். எனக்கு யாரையாவது அடிக்க வேண்டும் போல இருந்தது. அடிக்கத் தோதான ஆள்கள் எல்லாரும் ஏ.சி. அறையில் இருந்தார்கள்.

நான் வேலையை விடுமுன் கடைசியாக அந்த அறைக்குப் போனபோது மகளோடு வீடியோ காலில் இருந்தார். அறையில் சத்தமே இல்லை. திரையில் அந்தப் பெண் உதட்டைத் திறக்காமல் உள்ளங்கையில் சோறு பிசைந்து காட்டினாள். இவர் தலையாட்டிவிட்டுக் கட்டைவிரலை உதட்டில் வைத்தார்: டீ குடித்தாயிற்று. ஊரில் ஏழாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை, பிரஸ் ஷாப் பாஷையை அப்பாவிடமிருந்து பிடித்துக்கொண்டிருந்தாள். மைக்கைப் பற்றி அவர் சொன்னதை அவள் ஒருபோதும் நம்பியிருக்க முடியாது. திரையின் மூலையில் நீலப் பொத்தான் காசு கட்டிய பவிசோடு ஒளிர்ந்துகொண்டிருந்தது. சத்தத்தை அடியோடு குறைத்து வைத்திருந்தார்.

இப்போது என் புது லேப்டாப்பிலும் அப்படியொரு பொத்தான் இருக்கிறது. வாரம் தவறாமல் எழுந்து வந்து, ஒலியை மேம்படுத்தலாமா என்று குழைகிறது. வேண்டாம் என்று அழுத்தினால், ஏன் என்று கேட்டு ஒரு கட்டத்தை நீட்டுகிறது. நேற்று அதில் நிதானமாகத் தட்டினேன்: ‘எனக்கு நன்றாகவே கேட்கிறது. நான் பிரஸ் ஷாப்பில் வேலை பார்க்கவில்லை.’